ராக்கபில்லிப் பழம்பதிவுகள்: எந்த மூலத்திலிருந்து தொகுப்பது?

ஊசிமுனை:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்து பிறந்த ராக்கபில்லியில், 1954 முதல் 1958 வரையிலான பதிவுகளுக்கு நம் குழுவுக்கென்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதை இங்கே தொடங்குகிறேன். சன், மீட்டியர், கிங், ஸ்டார்டே, டெக்கா, கோரல், கேப்பிடல், ஆர்சிஏ என்று லேபிள் (தட்டு வெளியிட்ட நிறுவனம்) வாரியாகப் போகலாம் என்பது என் விருப்பம்.

ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே 'மூலம்' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். இன்று நாம் கேட்கும் ஒலி எதிலிருந்து எடுக்கப்பட்டது? ஸ்டுடியோவில் ஓடிய முதல் டேப்பா, அந்த டேப்பின் நகலா, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் தட்டா, 78 சுற்றுத் தட்டா? பதில் கிடைக்காத பாடலையும் சேர்க்கலாம். ஆனால் 'மூலம் தெரியவில்லை' என்று எழுதித்தான் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பீர்கள். சன் ஸ்டுடியோவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 706 யூனியன் அவென்யூவில் சாம் பிலிப்ஸ் 1950-இல் தொடங்கிய அந்தச் சிறிய அறையில் தனித்தனி டிராக் கிடையாது, பிறகு கலந்துகொள்ளும் வசதியும் கிடையாது. பாடகர், கிதார், பாஸ் எல்லாம் ஒரே நேரத்தில் ஒற்றை மோனோ டேப்பில் இறங்கின. அந்தப் புகழ்பெற்ற எக்கோவும் அப்போதே சேர்ந்துவிடும். இரண்டாவது ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்தில் பதியும் முனைக்கும் ஒலிக்கும் முனைக்கும் இடையே டேப் கடக்கும் சிறு தூரம் இருக்கிறதே, அந்த நொடியின் பின்னம்தான் எக்கோ. அதைப் பின்னால் பிரிக்கவும் முடியாது, திரும்பச் சேர்க்கவும் முடியாது. டேப் தொலைந்தால் நமக்கு மிஞ்சுவது, ஊசி தேய்த்த தட்டில் இருக்கும் நிழல் மட்டுமே.

எல்விஸ் பிரெஸ்லி சன் லேபிளில் வெளியிட்டவை மொத்தம் 5 சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள தட்டுகள்). 1955 நவம்பரில் அவருடைய ஒப்பந்தத்தை ஆர்சிஏ 35,000 டாலருக்கு வாங்கியபோது டேப்புகளும் கை மாறின. உலகிலேயே அதிகம் விற்ற பாடகர்களில் ஒருவர் அவர். அவருடைய அந்தக் காலப் பாடல்களிலேயே சிலவற்றுக்கு மூல டேப் இல்லாமல் தட்டிலிருந்து எடுக்க வேண்டிய நிலை. அப்படியென்றால் ஒரே ஒரு சிங்கிளோடு மறைந்துபோன டெக்சஸ் பாடகரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கோவைக் கிதார்:

ஊசிமுனை அண்ணா, நல்ல முயற்சி. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ஸ்ட்ரீமிங் செயலியில் ராக்கபில்லி என்று தேடினாலே தொகுப்புகள் வந்து குவிகின்றன. ஒரே பாடல் ஏழெட்டுத் தொகுப்புகளில் இருக்கிறது. ஒன்றில் பாஸ் நரம்பு விரல் பலகையில் அறைவது பளிச்சென்று கேட்கிறது. இன்னொன்றில் பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல் இருக்கிறது. வேகமும் மாறுகிறது. கூடவே வாசித்துப் பழகும்போது என் கிதாரின் சுருதி ஒரு தொகுப்போடு ஒத்துப்போகிறது, மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. யார் இவற்றையெல்லாம் போடுகிறார்கள்? எப்படி அனுமதி கிடைக்கிறது?

பதிப்புரிமைப் பக்கம்:

கோவைக் கிதார் தம்பிக்கு: அந்தக் குவியலுக்குக் காரணம் சட்டம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு முன்பு 50 ஆண்டுகள். 2011-இல் வந்த ஆணை அதை 70 ஆக நீட்டியது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே காலாவதியானவை உயிர்பெறவில்லை. எனவே 1962 வரை வெளியான தட்டுகள் அங்கே பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் ஒரு பழைய சிடியிலிருந்து நகலெடுத்து, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டு, '100 ராக்கபில்லிப் பாடல்கள்' என்று ஏற்றிவிடலாம். மூல டேப்பை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 2018-இல் நிறைவேறிய இசை நவீனமயமாக்கச் சட்டத்தின்படி, 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 ஆண்டுகள் பாதுகாப்பு. அதாவது 1956-இன் தட்டு 2066 முடியும்வரை உரிமையாளரிடமே இருக்கும். 1957 முதல் 1972 பிப்ரவரி 15-க்கு முன்புவரை உள்ளவை 2067 பிப்ரவரி 15 வரை. இந்தியாவில் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்.

பலர் கவனிக்காத ஒன்று: அந்தக் காலத்தில் வெளியிடாமல் பெட்டியில் கிடந்து, பின்னால் 1970-களில் முதல்முறையாக வெளிவந்த பதிவுக்கு ஐரோப்பாவில் கணக்கு முதல் வெளியீட்டிலிருந்துதான் தொடங்கும். பொதுவான விதி அது. ஆகவே 1956 தட்டு அங்கே பொதுச்சொத்தாக இருக்கும்போதே, அதே நாளில் பதிவாகி அப்போது வெளிவராத டேக் (அதே பாட்டை இன்னொரு முறை பாடிய பதிவு) பாதுகாப்பில் இருக்கலாம். இன்னொன்று, பதிவின் உரிமை வேறு, பாடலின் உரிமை வேறு. பாடலாசிரியருக்குச் சேர வேண்டியது எல்லா நாடுகளிலும் தனிக் கணக்கு.

நாடாச்சுருள்:

ஒலிப்பதிவு மறுசீரமைப்பு என் தொழில். ஊசிமுனை கேட்கும் 'மூலம்' கட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பஞ்சுப் பொதிவுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய இரைச்சல் நீக்கம். ராக்கபில்லியில் உயிர் எங்கே இருக்கிறது? பாஸ் நரம்பு பலகையில் மோதும் அந்த அறைச் சத்தத்தில், எக்கோவின் வால் தேய்ந்து மறையும் இடத்தில், பாடகர் மூச்சு இழுக்கும் இடத்தில். இவை மூன்றும் தட்டின் சரசரப்போடு ஒரே அலைவரிசைப் பகுதியில் கலந்து கிடக்கின்றன. மென்பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சரசரப்பை முழுவதும் எடுத்தால் அறையும் சேர்ந்து போய்விடும். 1954-இல் எல்விஸ், கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், பாஸ் கலைஞர் பில் பிளாக் மூவரும் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்'டில் டிரம்ஸே கிடையாது. தாளம் முழுவதும் பில் பிளாக்கின் உள்ளங்கையிலும் எல்விஸின் ரிதம் கிதாரிலும் இருக்கிறது. அதை வழித்தெடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிச்சம்?

சுருதி மாறுவதற்கு டேப் ஓடிய வேகமும் காரணம், தட்டு வெட்டிய இயந்திரமும் காரணம். நல்ல தொகுப்பாளர் அதைச் சரிபார்த்து, என்ன செய்தார் என்று குறிப்பேட்டில் எழுதுவார்.

தட்டிலிருந்து எடுக்கும்போது ஊசி அளவு முக்கியம். 78-க்கு 3 மில், மோனோ 45-க்கு 1 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இப்போதைய ஸ்டீரியோ ஊசியை 78 மேல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் தடவிக்கொண்டு போகும், இரைச்சல்தான் வரும். 1954-இல் ஆர்ஐஏஏ சமநிலை வளைவு (தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியை எவ்வளவு குறைப்பது, உயர்ந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது என்ற கணக்கு) பொதுத் தரமாவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வெட்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதுச்சுருள்:

ஐயா, ஒரு சந்தேகம். பழைய டேப்புகளை வாசிக்கும் முன் அடுப்பில் சூடாக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். 1950-களின் டேப்புகளையும் அப்படித்தான் செய்கிறார்களா?

நாடாச்சுருள்:

கூடாது. தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள்.

சூடாக்குவது 1970-களுக்குப் பிந்திய சில டேப்புகளுக்கான மருத்துவம். அவற்றின் பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். மிதமான சூட்டில் அது தற்காலிகமாக இறுகும். 1950-களின் டேப் பெரும்பாலும் அசிடேட் பிளாஸ்டிக்கில் ஆனது. அதன் நோய் வேறு. உலர்ந்து மொறுமொறுப்பாகும், விளிம்பு நெளியும், முற்றினால் வினிகர் வாடை அடிக்கும். அதைச் சூடாக்கினால் நோய் விரைவுபடும்.

அடையாளம் காண எளிய வழி: சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அசிடேட் என்றால் சுருளின் ஊடே ஒளி கசியும்; பாலியெஸ்டர் என்றால் இருட்டாக இருக்கும். அசிடேட்டிடம் ஒரு நற்குணம் உண்டு. இழுத்தால் நீளாமல் சுத்தமாக முறியும். முறிந்த இடத்தை ஒட்டினால் இசை ஒரு துளியும் கெடாது. ஆனால் பழைய ஒட்டுப் பட்டைகள் காய்ந்து, ஓடும்போதே பிரிந்துவிழும். ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன்பே ஒவ்வோர் ஒட்டையும் கையால் புதுப்பிக்க வேண்டும். முழு அகல மோனோ டேப்பை முழு அகல முனையில்தான் வாசிக்க வேண்டும். முனையின் சாய்வை அந்தந்தச் சுருளுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அதே சுருளில் அடுத்த பாட்டு வேறு நாளில் பதிவானதென்றால் மறுபடியும் திருத்த வேண்டும். இவ்வளவு பொறுமை உள்ளவர் செய்த தொகுப்புக்கும் சிடியிலிருந்து நகலெடுத்ததற்கும் உள்ள வேறுபாடு, காது கொடுத்துக் கேட்கும் எவருக்கும் தெரியும்.

கருந்தட்டு:

எல்லாம் சரி. நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன்.

ஆவணக் கிடங்கைத் திறந்ததும் தொகுப்பாளர்களுக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது, எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும் என்று. தவறிய தொடக்கம், பாதியில் நின்ற டேக், ஸ்டுடியோ அரட்டை. ஒரே பாட்டு ஆறு முறை அடுத்தடுத்து. ஆய்வாளருக்கு அது பொக்கிஷம். பாட்டுக் கேட்க வந்தவருக்கு? தொகுப்பது என்றால் தேர்ந்தெடுப்பது. சாம் பிலிப்ஸ் எந்த டேக்கை வெளியிட வேண்டும் என்று காது வைத்து முடிவு செய்தாரே, அந்தத் தீர்ப்பும் பதிவின் ஒரு பகுதிதான். அதை நாம் கலைக்கலாமா? ஆறு டேக்கையும் கொட்டுபவர் தம் வேலையைக் கேட்பவர் தலையில் போடுகிறார் என்பது என் கருத்து.

ஊசிமுனை:

கருந்தட்டு நண்பரே, டேக்குகள் விஷயத்தில் உங்களோடு பாதி வழி வருகிறேன். ஆனால் சாம் பிலிப்ஸின் தீர்ப்பைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. அவர் பாட்டைப் பிடிக்காமல் ஒதுக்கியது உண்டு. பணம் இல்லாமல் ஒதுக்கியதும் உண்டு. சிறிய நிறுவனம் அது. கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' 1956-இன் தொடக்கத்தில் பற்றிக்கொண்டபோது தட்டு அச்சடிக்கவும் அனுப்பவும் பணம் புரட்டுவதே பெரும்பாடு. வரிசையில் நின்ற மற்றவர்கள் காத்திருந்தார்கள். பலர் காத்திருந்தே போய்விட்டார்கள்.

ஜிம்மி வேஜஸ் என்பவரைப் பாருங்கள். சன் ஸ்டுடியோவில் பாடினார். அங்கே அவர் பெயரில் ஒரு தட்டுகூட அப்போது வரவில்லை. அவருடைய 'மிஸ் பேர்ல்' கிடங்கைத் திறந்த பிறகே உலகத்துக்குக் கிடைத்தது. கேட்டுப் பாருங்கள், வெறிபிடித்த குரல். வாரன் ஸ்மித்தின் 'யுரேனியம் ராக்', கார்ல் பெர்கின்ஸின் 'புட் யுவர் கேட் க்ளோத்ஸ் ஆன்' இரண்டும் அப்படியே. இன்று ராக்கபில்லி இசைக்குழு எதுவும் தவறாமல் வாசிக்கும் பாடல்கள் இவை. 1950-களில் எந்த வானொலியிலும் ஒலித்ததில்லை.

1969-இல் ஷெல்பி சிங்கிள்டன் சன் நிறுவனத்தை வாங்கி டேப்புகளை நாஷ்விலுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் அவற்றை நிதானமாகக் கேட்க ஆளில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த காலின் எஸ்காட், மார்ட்டின் ஹாக்கின்ஸ் போன்றவர்கள்தான் பெட்டி பெட்டியாகப் பிரித்து, எது யார் குரல் என்று அடையாளம் கண்டு எழுதினார்கள். சார்லி என்ற பிரிட்டிஷ் லேபிள் 1970-களின் நடுவிலிருந்து அவற்றை வெளியிட்டது. 1975-இல் ரிச்சர்ட் வைஸே வடஜெர்மனியில் தொடங்கிய பேர் ஃபேமிலி, கெட்டி அட்டைப் புத்தகத்தோடு கூடிய பெட்டித் தொகுப்புகளாக அதைத் தனிக் கலையாகவே வளர்த்தது. அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் தேதி, இடம், வாசித்தவர், மேட்ரிக்ஸ் எண் (ஒவ்வொரு பதிவுக்கும் நிறுவனம் தரும் அடையாள எண்) எல்லாம் இருக்கும். நான் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

இதன் விளைவு தாளில் மட்டும் நிற்கவில்லை. 1977 ஏப்ரலில் லண்டன் ரெயின்போ அரங்கில் வாரன் ஸ்மித், சார்லி ஃபெதர்ஸ், பட்டி நாக்ஸ், ஜாக் ஸ்காட் நால்வரும் மேடையேறினார்கள். ஊரில் மறந்துபோன வாரன் ஸ்மித்துக்கு அங்கே கிடைத்த வரவேற்பு அவர் எதிர்பாராதது. 1980-இல் அவர் இறந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தக் கைதட்டலை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

மேகலை:

அண்ணன்மார்கள் பேசும் பட்டியலில் ஒரு குறை தெரிகிறது. சொல்லியே ஆக வேண்டும்.

சன் என்று சொன்னால் எல்விஸ், பெர்கின்ஸ், ரைலி என்று போகிறோம். பில்லி லீ ரைலியின் 'ரெட் ஹாட்' 1957. அதே சன் லேபிளில், அதே பாடலை எழுதிப் பாடி 1955-இல் வெளியிட்டவர் பில்லி 'தி கிட்' எமர்சன். 'மிஸ்டரி ட்ரெயின்' 1953-இல் ஜூனியர் பார்க்கரின் பாட்டு. அந்தத் தட்டின் மறுபக்கமான 'லவ் மை பேபி'யில் வரும் கிதார் ஓட்டம்தான் எல்விஸ் பதிவில் ஸ்காட்டி மூர் கையில் திரும்ப வருகிறது. இரண்டும் சன். இரண்டுமே யூனியன் அவென்யூவின் அதே கிடங்கு. ஆனால் தொகுப்பாளர்கள் ஒன்றை ப்ளூஸ் பெட்டியிலும் மற்றொன்றை ராக்கபில்லிப் பெட்டியிலும் பிரித்து வைத்துவிட்டார்கள். கடையில் விற்க அது வசதி. வரலாற்றுக்கு அது வெட்டு. 'தட்ஸ் ஆல் ரைட்'டை எழுதிய ஆர்தர் க்ரூடப் உரிய ராயல்டி கைக்கு வராமலே 1974-இல் இறந்தார். நம் பட்டியலில் 'மூலம்' என்ற கட்டம் டேப்போடு நிற்கக் கூடாது. பாட்டு எங்கிருந்து வந்தது என்பதும் அதில் வர வேண்டும்.

பெண்களும் வேண்டும். கேப்பிடலில் வாண்டா ஜாக்சன், ஆர்சிஏவில் ஜேனிஸ் மார்ட்டின் இருவரையும் எல்லோரும் சேர்ப்பார்கள். சன்னில் 1956-இல் 'ஐ நீட் எ மேன்' பாடிய பார்பரா பிட்மனை விட்டுவிடாதீர்கள்.

ஊசிமுனை:

மேகலை சொல்வதை அப்படியே ஏற்கிறேன். 'மூலப் பாடல்' என்று இன்னொரு கட்டம் சேர்த்துவிட்டேன். எமர்சனும் பார்க்கரும் தனிப் பிரிவில் வர மாட்டார்கள். ரைலிக்கும் எல்விஸுக்கும் மேல் வரிசையிலேயே வருவார்கள்.

கோவைக் கிதார்:

கிதார்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஜானி பர்னெட் ட்ரையோவின் 'ட்ரெயின் கெப்ட் எ-ரோலின்', 1956 ஜூலை, நாஷ்வில், கோரல் லேபிள். அந்தக் கரகரத்த கிதாரை வாசித்தது யார்? குழுவின் கிதார் கலைஞர் பால் பர்லிசன் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கிரேடி மார்ட்டின் என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

கருந்தட்டு:

நீண்ட நாள் சண்டை அது. நாஷ்வில் பதிவுகளில் ஸ்டுடியோக் கலைஞராக மார்ட்டின் இருந்தார் என்பதை வைத்தும், வாசிப்பு முறையை வைத்தும் ஒரு தரப்பு வாதிடுகிறது. ஆம்ப்ளிஃபையரின் வால்வு தளர்ந்ததால்தான் அந்தக் கரகரப்பு வந்தது என்று பர்லிசன் சொன்ன கதையை மற்றொரு தரப்பு நம்புகிறது. இசைக் கலைஞர் சங்கத்துக்கு அனுப்பிய ஒப்பந்தத் தாள் இந்த மாதிரி இடத்தில் பெரிய சான்று. ஆனால் அது சம்பளக் கணக்குக்கான தாள். அதில் பெயர் இருந்தால் அந்த அறையில் இருந்தார் என்று கொள்ளலாம். எந்தப் பாட்டில் எந்த வரியை வாசித்தார் என்று அது சொல்லாது. சிறிய லேபிள்களில் அந்தத் தாளே பதிவு நடந்து நாள்கள் கழித்து நிரப்பப்பட்டிருக்கும். பட்டியலில் இரண்டு பெயரையும் போட்டு, விவாதத்தில் உள்ளது என்று எழுதுவோம். குறிப்பேட்டில் உறுதியான குரலில் ஒரு பெயரை மட்டும் அச்சிடும் தொகுப்பாளரை நான் நம்புவதில்லை.

நாடாச்சுருள்:

டெக்கா, கோரல் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் தீப்பிடித்தது. டெக்கா முதலான பல லேபிள்களின் மூல டேப்புகள் அங்கே இருந்தன. எவ்வளவு போயிற்று என்பதில் 2019-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரைக்கும் நிறுவனம் சொன்ன விளக்கத்துக்கும் பெரிய இடைவெளி. தொகுப்பு வேலை செய்பவர்களுக்கு அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. 2008-க்கு முன் மூல டேப்பிலிருந்து நேராக எடுத்த பழைய சிடி சில பாடல்களுக்கு இனி மிஞ்சியிருக்கும் மிகச் சிறந்த சான்றாக இருக்கலாம். '24 பிட் புதுப்பிப்பு' என்று அட்டையில் போட்ட பின்னாளைய வெளியீட்டை வாங்கிவிட்டு, 1980-களின் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதுச்சுருள்:

ஸ்டார்டே பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே? கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் வேறு பெயரில் ராக்கபில்லி பாடினார் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

ஊசிமுனை:

உண்மை. 1956-இல் 'தம்பர் ஜோன்ஸ்' என்ற பெயரில் 'ராக் இட்' பாடினார். கன்ட்ரி இசை ரசிகர்களிடம் தன் பெயர் கெடக் கூடாது என்ற கவலை. பிற்காலத்தில் அந்தப் பாடல்களை அவர் விரும்பவே இல்லை. அந்தக் கடுகடுப்பு அவருக்கு இருக்கட்டும், பாட்டு அபாரம்.

டெக்சஸில் ஜாக் ஸ்டார்ன்ஸும் பேப்பி டெய்லியும் 1952-இல் தொடங்கிய லேபிள் ஸ்டார்டே; இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். நமக்கு முக்கியம் அவர்களுடைய கஸ்டம் வரிசை. ஊர்ப்புறப் பாடகர் தானே டேப்பும் பணமும் அனுப்பினால், சில நூறு தட்டுகள் அச்சடித்துத் தருவார்கள். பாடகர் அதைக் காரின் பின்பெட்டியில் வைத்து, கச்சேரியில் விற்பார், உள்ளூர் வானொலிக்குக் கொடுப்பார். டேப்பைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் எந்தப் பக்கமும் இருந்திருக்காது. அதனால் கஸ்டம் பாடல் பலவற்றுக்குத் தட்டுதான் மூலம், அதுவும் தேய்ந்த தட்டு. சானி ஃபிஷர் கஸ்டம் அல்ல, முறையான ஸ்டார்டே கலைஞர். 1955-இல் 'ராக்கின் டேடி' போட்டார். அவரே முழுக்க மறக்கப்பட்டு, 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஏஸ் லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான் ஐரோப்பாவுக்குப் பாட அழைக்கப்பட்டார்.

மீட்டியர் நிலைமை கொஞ்சம் மேல். மெம்பிஸிலேயே லெஸ்டர் பிஹாரி நடத்திய சிறு லேபிள். சார்லி ஃபெதர்ஸின் 'டங்-டைட் ஜில்' 1956-இல் அங்கேதான் வந்தது. பிஹாரி சகோதரர்களின் மாடர்ன் குழும டேப்புகள் பின்னால் ஏஸ் கைக்குப் போனதால் அவற்றுக்குப் பொறுப்பான ஆள் இருக்கிறார். ஃபெதர்ஸ் அதே ஆண்டு கிங் லேபிளுக்குப் போய்ப் பாடிய 'ஒன் ஹேண்ட் லூஸ்' எனக்கு இந்த இசையின் உச்சம். கிங்கும் ஸ்டார்டேயும் பின்னால் ஒரே நிறுவனத்தின் கீழ் சேர்ந்து, 1975-இல் நாஷ்விலின் கஸ்டோ கைக்கு வந்தன.

வேலையைப் பிரித்துக்கொள்வோம். சன்னை நானும் மேகலையும் எடுத்துக்கொள்கிறோம். டெக்கா, கோரல் இரண்டும் கருந்தட்டு. மீட்டியரும் கிங்கும் கோவைக் கிதார்; தம்பி, சுருதி மாறும் இடங்களையும் குறித்துவையுங்கள், நாடாச்சுருள் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லுவார். புதுச்சுருள் கேட்ட கேள்விக்கே ஸ்டார்டேயை அவரிடம் தருகிறேன். கஸ்டம் தட்டுகளில் லேபிள் காகிதத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், பள்ளம் முடியும் இடத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் பார்த்து எழுதுங்கள்.

புதுச்சுருள்:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. தட்டு கையில் இல்லாமல் படம் மட்டும் கிடைத்தால் அந்த எண்ணை எழுதலாமா?

ஊசிமுனை:

எழுதலாம். பக்கத்தில் 'படத்திலிருந்து' என்று குறிப்பிடுங்கள்.